ஊர்ப் பொது யாருக்குப் பொது?

இன்று காலையில் உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தீர்கள், தண்ணீர் வந்தது. தெருக்கோடியில் குப்பையை அள்ளிப் போயிருந்தார்கள். நேற்று ராத்திரி கம்பத்தில் விளக்கு எரிந்தது. இதையெல்லாம் யார் செய்தார்கள் என்று கொஞ்சமாவது யோசித்தீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். அது உங்கள் குற்றமல்ல. வந்த தண்ணீரைப் பற்றி உலகத்தில் யாருமே யோசிப்பதில்லை. வராத தண்ணீரைப் பற்றித்தான் யோசிக்கிறோம்!

டில்லியில் ஒரு மந்திரிக்கு இலாகா மாறினால் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரம் வாதப் பிரதிவாதம் நடக்கிறது. ஆனால், "உங்கள் வார்டு மெம்பர் யார்?" என்று திடீரென்று யாராவது கேட்டால், நம்மில் பாதிப் பேர் மோட்டுவளையைப் பார்க்கிறோம். குழந்தை பிறந்தால் ஜனனப் பதிவு. வாழ்வு முடிந்தால் மயானம். இரண்டுக்கும் நடுவே குடிதண்ணீர், சாக்கடை, தெரு விளக்கு, ரஸ்தா, சந்தை! இவ்வளவையும் அன்றாடம் கவனிப்பது உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தும் நகரசபையும்தான்.

ஆகவே ஒரு சின்னக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஊர்க் கிணறு, ஊர்க் குளம், ஊர்ச் சாவடி என்று சொல்கிறோம். இவையெல்லாம் பொது என்கிறோம். 'பொது' என்பது இரண்டே எழுத்துத்தான். அந்த இரண்டு எழுத்துக்குள் ஊரில் உள்ள எல்லாரும் அடங்குகிறார்களா? சேரியில் இருப்பவர், பெண்கள், காலில் பலமில்லாதவர், கண் தெரியாதவர், எல்லாரும்தானா?

இந்தக் கேள்விக்கு ஒரு குளம் பதில் சொன்ன கதையை முதலில் கேளுங்கள்.

குளத்தின் கதை

கொங்கணப் பிரதேசத்தில் மஹாத் என்று ஓர் ஊர். அங்கே சவ்தார் குளம் என்று பெயர் பெற்ற பெரிய குளம் ஒன்று இருக்கிறது. ஊர் ஜாதி ஹிந்துக்கள் அதில் தண்ணீர் எடுத்தார்கள். முஸ்லிம்கள் எடுத்தார்கள். மாடு கன்றுகளும் குடித்தன. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் அதன் கரையில் கால் வைக்கக் கூடாது!

1923-ம் வருஷம் ஆகஸ்டில், எஸ். கே. போலே என்ற அங்கத்தினர் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுப் பணத்தில் கட்டிய, பொதுப் பணத்தில் பராமரிக்கிற கிணறு, குளம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒதுக்கப்பட்டவர்களும் உபயோகிக்கலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. மறு வருஷம், 1924-ல், மஹாத் நகரசபையும் தன் குளத்தைத் திறந்து விட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தது. கரையில் திறக்கவில்லை. ஊராருக்குப் பயந்து ஒருவரும் இறங்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1927-ம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி, டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் ஊர்வலமாகச் சென்று அந்தக் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அவ்வளவுதான். ஊரில் அடிதடி மூண்டது. பிறகு பால், தயிர், சாணம், கோமியம் என்று நூற்றெட்டுக் குடம் கொட்டிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள்! அதே வருஷம் ஆகஸ்டில் நகரசபை தன் பழைய தீர்மானத்தை ரத்தும் செய்துவிட்டது. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. குளம் நகரசபையின் சொத்து, தொன்றுதொட்ட வழக்கம் என்று எதிர்த் தரப்பார் சொன்னதை நிரூபிக்க முடியவில்லை என்று பம்பாய் ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 1937-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில். ஒரு வாய் தண்ணீருக்குப் பத்து வருஷம்!

நம் பக்கத்திலும் இது நடந்ததுதான். 1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் இதே மாதிரி ஒரு தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்றினார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று சர்க்காரும் உத்தரவு போட்டது. உத்தரவு போட்டு ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. அது எல்லா ஊர்க் கிணற்றடிக்கும் வந்து சேர்ந்துவிட்டதா? உங்கள் ஊரை நினைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள்.

பத்து வருஷம் காலியாக இருந்த நாற்காலி

தண்ணீரைப் பங்கிடுகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் தண்ணீர் யாருக்கு என்பதும் இருக்கிறது. எனவே பெரியவர்கள் யோசித்தார்கள். பங்கிடுகிற நாற்காலியிலேயே எல்லாரும் உட்கார வழி செய்துவிட்டால் என்ன? அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்தது. கிராமப் பஞ்சாயத்துக்களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஜனத்தொகைக்கேற்ற இடம். பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. நகரங்களுக்கு 74-வது திருத்தம். தமிழ்நாட்டில் 1994-ல் புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1996-ல் தேர்தல்.

மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் ஜில்லாவில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு பஞ்சாயத்துக்களின் தலைவர் பதவியும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. என்ன ஆயிற்று? தேர்தல் அறிவித்தால் மனுக் கொடுக்க ஆள் வரவில்லை. வந்தால் வாபஸ். அதையும் மீறி ஒருவர் ஜயித்தால், பதவி ஏற்ற சூட்டோடு ராஜிநாமா! இந்த நாடகம் ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, பத்து வருஷம் நடந்தது.

அவர்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை. மதுரைக்குப் பக்கத்திலேயே மேலவளவு என்ற ஊரில் முருகேசன் என்பவர் துணிந்து நின்று பஞ்சாயத்துத் தலைவர் ஆனார். 1997-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி, அவர் வந்த பஸ்ஸை மறித்து, அவரையும் துணைத் தலைவர் உள்பட இன்னும் ஐந்து பேரையும் பட்டப் பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஒரு பஞ்சாயத்து நாற்காலிக்கு ஆறு உயிர்! அந்தச் செய்தியைப் படித்தபின் பக்கத்து ஊரில் யார்தான் மனுக் கொடுக்க வருவார்கள்?

பிறகு 2006-ம் வருஷம். அப்போது மதுரைக் கலெக்டராக இருந்த உதயச்சந்திரனும் மற்ற அதிகாரிகளும் அந்த ஊர்களுக்குப் போனார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்த அக்டோபரில் நான்கு ஊரிலும் தேர்தல் நடந்தது. ஜயித்தவர்கள் ராஜிநாமா செய்யவில்லை! அவர்களைச் சென்னைக்கு வரவழைத்துச் சமத்துவப் பெருவிழா என்று விழா எடுத்தது அரசாங்கம். 2021 அக்டோபர் 2-ந் தேதி பாப்பாபட்டியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் அன்றைய முதல் மந்திரி மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார். தேர்தலே நடக்க முடியாமல் இருந்த ஊர் அது!

மஹாத் குளத்துக்குப் பத்து வருஷம். பாப்பாபட்டி நாற்காலிக்கும் பத்து வருஷம். சட்டம் ஒரே நாளில் வந்துவிடும். அது ஊருக்குள் நுழையப் பத்து வருஷம் ஆகிறது. ஆனால், யாராவது அதைக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் அந்தப் பத்து வருஷத்திலாவது வருகிறது. தானாக நடந்து வருவதில்லை.

உட்கார்ந்தால் போதுமா?

'சரி, நாற்காலி கிடைத்துவிட்டதே, இனிமேல் என்ன?' என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கடலூர் ஜில்லாவில் தெற்குத் திட்டை என்ற ஊரில், பஞ்சாயத்துத் தலைவியாக இருந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணியைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, மற்ற அங்கத்தினர்கள் நாற்காலியில் அமர்ந்து கூட்டம் நடத்திய படம் 2020-ல் பத்திரிகைகளில் வெளிவந்ததே, பார்த்திருப்பீர்கள். சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றக்கூடச் சில தலைவர்களைச் சில ஊர்களில் விடவில்லை. 2022-ல் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதைக் கவனித்துக்கொள்ளச் சொல்லவேண்டி வந்தது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பஞ்சாயத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்பது 1994-ம் வருஷத்துச் சட்டத்தின் ஏற்பாடு. திருட்டுப் போகாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால், துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டால்? மோட்டார் ரிப்பேருக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் யாரைத் திட்டுவார்கள்? தலைவரைத்தான்! "பார்த்தீர்களா, இவர்களுக்கு நிர்வாகம் தெரியாது" என்ற பேச்சும் பிறந்துவிடும். கத்தியில்லாமல், ரத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் காலி செய்கிற வழி இது.

பாதி நாற்காலி பெண்களுக்கு

சகோதரிகளே, உங்கள் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டாமா? சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1921-ல். சென்னை மாநகருக்கு முதல் பெண் மேயராகத் தாரா செரியன் வந்தது 1957-ல். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதல் மேயராக ஜே. சிவசண்முகம் பிள்ளை வந்தது அதற்கு முன், 1937-ல். இரண்டும் ஒருவரிடத்திலேயே சேர எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? 2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயராகப் பதவியேற்றபோது அவருக்கு வயது 28. அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணி அவர்.

இடையில் 2016-ல் தமிழ்நாட்டுச் சட்டம் பெண்களின் பங்கை மூன்றில் ஒன்றிலிருந்து சரிபாதியாக உயர்த்தியது. 2022-ல் இருந்த 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவி பெண்களுக்கு. அதே தேர்தலில் வேலூர் மாநகராட்சியில் கங்கா என்ற திருநங்கை கவுன்சிலராக ஜயித்து வந்தார். அவர் வார்டு ஜனங்கள் ஒதுக்கீட்டுக்காக ஓட்டுப் போடவில்லை. தங்களுக்கு வேலை செய்வார் என்று நம்பிப் போட்டார்கள்.

ஆனால், ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனைவி தலைவி, போர்டிலும் அவர் பெயர். கூட்டத்தில் பேசுகிறவர், கான்டிராக்டரைப் பார்க்கிறவர் எல்லாம் கணவர்! சில ஊர்களில் அவருக்கே 'தலைவர்' என்று பெயர் வழங்கிவிடுகிறது. இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால், ஐந்து வருஷம் அந்த வீட்டம்மாள் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் நஷ்டம் அவருக்கு மாத்திரமா? குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறவர் யார்? இருட்டில் தெருவில் நடக்கப் பயப்படுகிறவர் யார்? எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் வாயைத் திறந்தால்தான் ஊருக்கு விளக்கு எரியும்.

படி ஏறத் தெரியாதவர்களுக்கு

அடுத்த தடவை பஞ்சாயத்து ஆபீசுக்கோ நகரசபைக் காரியாலயத்துக்கோ போகும்போது, வாசலில் எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். நமக்கு மூன்று படி ஒரு பொருட்டல்ல. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு மூன்று படியும் மூன்று மலை. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் உடல் ஊனமுள்ளோர் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல்.

'சாய்தளம் கட்டியிருக்கிறோமே!' என்பார்கள். கட்டியிருப்பார்கள், சறுக்குமரம் மாதிரி! ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சாய்வு வேண்டும் என்பது கணக்கு. வாசல் இரண்டடி உயரமானால் 24 அடி நீளம். அதற்குக் குறைந்தால் ஏறுகிறவர் பிறர் தயவில் ஏறவேண்டும், அல்லது உருண்டு விழவேண்டும். படம் எடுத்துக் காட்டக் கட்டிய சாய்தளத்துக்கும் மனிதர் ஏறக் கட்டிய சாய்தளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அளவு நாடாவில் தெரிந்துவிடும்.

மனம் வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு மெரினாவைப் பாருங்கள். சென்னையில் பிறந்து வளர்ந்தும், மணலில் சக்கரம் உருளாததால் கடல் அலையைக் கிட்டத்தில் பார்க்காதவர்கள் உண்டு. 2022 நவம்பரில் சென்னை மாநகராட்சி மணல் மேல் சுமார் 260 மீட்டர் நீளத்துக்கு மரப் பாதை அமைத்தது. சக்கர நாற்காலி அலையருகே போயிற்று! இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. மாநகராட்சி மறுபடி செப்பனிட்டது. அவர்களும் வரி கொடுக்கிற பிரஜைகள்தானே? கடல் அவர்களுக்கும் பொதுத்தானே?

2025-ல் தமிழ்நாடு இன்னொரு படி முன்னே சென்றது. பஞ்சாயத்துக்களிலும் நகரசபைகளிலும் மாற்றுத் திறனாளிகளை நியமன அங்கத்தினர்களாக அமர்த்தச் சட்டத்தைத் திருத்தியது. கிராமப் பஞ்சாயத்துக்களில் மாத்திரம் 12,000-க்கு மேற்பட்டவர்களுக்கு இடம் என்று கணக்குச் சொன்னார்கள். எந்த வாசலில் எந்தப் படி இடறுகிறது என்பதை அவர்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

குழாயின் கடைசி முனை

எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று ஓர் எண்ணம் உண்டு. அது எப்போதும் சரியல்ல. ஒரு தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து ஒரே குழாய் ஊர் முழுவதும் போகிறது. முதல் தெருவில் திறந்து வைத்தால் கடைசித் தெருவில் காற்றுத்தான் வரும். தொட்டி பெரும்பாலும் ஊர் நடுவில். சேரி பெரும்பாலும் ஊர்க் கடைசியில். யாரும் வஞ்சகமாக நினைக்காவிட்டாலும்கூடத் தண்ணீர் தானாகவே பாரபட்சம் காட்டிவிடுகிறது!

வழி இல்லாமல் இல்லை. தெருவுக்குத் தெரு வால்வு வைத்துக் கடைசித் தெருவுக்கு முதலில் திறந்துவிடலாம். ஒரு நாள் இந்தக் கோடியிலிருந்து, மறுநாள் அந்தக் கோடியிலிருந்து என்று முறை வைக்கலாம். செலவு அதிகமில்லை. தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய்க்குக் கூட்டத்தில் ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

நம் சென்னைக்கு இந்த ஞானம் புதிதல்ல. 1920-ல் சர். பிட்டி தியாகராயர் சென்னை நகரசபைத் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் நகரசபைப் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டார்கள். தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று திட்டம். பள்ளிக்கூடக் கதவு எல்லாக் குழந்தைக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால், பசித்த வயிறு அந்தக் கதவைத் தாண்டாது என்பதை அந்த நகரசபை கண்டுகொண்டது. பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் பரவிய மதிய உணவுக்கு அந்த ஓர் அணாவே முன்னோடி.

நீங்கள் என்ன செய்யலாம்?

'இதெல்லாம் பெரிய மனிதர்கள் காரியம். நான் என்ன செய்ய?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கிராம சபை என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுரிமையுள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர்; தேர்தலில் நிற்க வேண்டாம், ஜயிக்க வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022-ல் மார்ச்சு 22-ஐயும் நவம்பர் 1-ஐயும் சேர்த்து வருஷத்துக்கு ஆறு கூட்டம் என்று தமிழ்நாட்டில் வகுத்தார்கள். நகரங்களில் அந்த வருஷம் முதல் பகுதி சபை.

சும்மா நாலு பேர் கூடிக் கையெழுத்துப் போட்டால் கிராம சபை ஆகாது. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர் வரவேண்டும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வந்திருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர், கடைசித் தெருக்காரர் எத்தனை பேர் என்றும் ஒரு பார்வை பாருங்கள். அவர்கள் வரவில்லையென்றால், எந்த நேரத்தில், எந்த இடத்தில் வைத்தால் வருவார்கள் என்று கேளுங்கள். கோயில் வாசலில் கூட்டம் வைத்துவிட்டு, 'அவர்கள் வரவேயில்லை' என்று சொல்வதில் என்ன நியாயம்?

கேட்டதற்குப் பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005-ம் வருஷத்திலிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதினால், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை குழாய், எத்தனை விளக்கு, எவ்வளவு செலவு என்று தெருத் தெருவாகக் கேளுங்கள். மொத்தக் கணக்கைக் கேட்காதீர்கள். மொத்தக் கணக்கில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும். தெருக் கணக்கில்தான் குட்டு வெளிப்படும்.

உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது. சந்தோஷம். உங்கள் ஊரின் கடைசி வீடு எது? அந்த வீட்டில் இன்று காலை தண்ணீர் வந்ததா? ஒரு நடை போய்க் கேட்டு வாருங்கள். வரவில்லையென்றால், வருகிற கிராம சபையில் முதலில் எழுந்து நிற்க வேண்டியவர் அந்த வீட்டுக்காரர். அவருக்குப் பக்கத்தில் எழுந்து நிற்க வேண்டியவர் நீங்கள்.